காப்பகம் குப்பைத்தொட்டி அன்று!

பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்குவது. வளர்ந்ததும் காப்பக வாசலில் கட்டிவிட்டு ஓடுவது. இதற்குப் பெயர் இரக்கமாம்! நிரம்பி வழியும் கூண்டில் நோய் பரவும். நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும்.

2009இல் சிலாங்கூர், கெத்தாம் தீவின் தெருநாய்களைப் பிடித்து ஆளில்லாத அலையாத்தித் தீவுகளில் விட்டனர். பசியில் நாயை நாயே தின்றது. கண்ணுக்கு மறைந்தால் கடமை தீர்ந்ததா?

விலங்குகளை வதைப்போருக்கு 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கிறது. ஆனால், கூட்டத்தைத் தண்டம் குறைக்காது; கருத்தடையே குறைக்கும். சினையான இரண்டே மாதத்தில் பெட்டைநாய் குட்டிகளை ஈனும்.

பெற்றோரே, ஆசிரியர்களே! விலைக்கு வாங்காதீர், தத்தெடுங்கள். நன்னெறிப் பாடத்தில் அன்பைக் கற்பித்துவிட்டு வீட்டு நாயைக் கைவிட்டால், பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?