மணலுக்கும் ஒரு மனு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்கு ஊரில் ஒரு பதவி தானாகவே வந்து சேர்கிறது. அது மனு எழுதும் பதவி. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது முதல் முதியோர் உதவித்தொகை வரை எங்கள் குப்பத்தின் விண்ணப்பங்களை இரண்டு ஆண்டுகளாக நான்தான் எழுதி வருகிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர் நாட்டார் என் தந்தையுடன் வீட்டுக்கு வந்து, "தம்பி, கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். இன்னும் ரெண்டு தூண்டில் வளைவு வேணும்னு நல்லா அழுத்தி எழுது" என்றார். இதுவரை எழுதிய மனுக்களில் என் கை தயங்கியது இதற்கு மட்டுமே. அது ஏன் என்பதை நம் கல்லூரி நண்பர்கள் முன்னும் ஆசிரியர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

கடற்கரை அறியாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டி நீட்டும் குட்டைச் சுவரையே தூண்டில் வளைவு என்கிறோம். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் குப்பத்தின் வடக்கு எல்லையில் இப்படி ஒன்று போட்டார்கள். அதற்கு முந்திய ஐப்பசியில் கடல், கருவாடு காயும் களம் வரை வந்துவிட்டிருந்தது. கல் விழுந்த இரண்டே ஆண்டுகளில் மணல் சேர்ந்தது. படகுகளை இழுத்து வைக்க இடம் கிடைத்தது. நின்று போயிருந்த கரைவலை மீண்டும் இறங்கியது. அம்மன் கோயிலில் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். என் தந்தைக்கு அந்தக் கற்களின் மீது இன்றும் ஒரு பாசம் உண்டு.

என் அக்காளைக் கட்டிக் கொடுத்திருப்பது வடக்கே அடுத்த குப்பத்தில். எங்களுக்கு மணல் சேர்ந்த அதே ஆண்டுகளில் அங்கே மணல் போயிற்று. அவளுடைய திருமணப் பந்தல் போட்ட இடம் இன்று அலைக்குள் இருக்கிறது. படகுகளைத் தெருவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நெத்திலியைக் காயவைக்க அக்காள் கூடை சுமந்துகொண்டு எங்கள் களத்துக்கு வருகிறாள். ஒருநாள், "உங்க ஊருக் கல்லு எங்க ஊரு மண்ணைத் தின்னுடுச்சுடா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிறந்த ஊரை அவள் "உங்க ஊரு" என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அக்காள் சொன்னது அறிவியல்படி சரிதானா? முற்றிலும் சரி. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் ஓடும் அலை, இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 5 மீட்டராகத் தளர்கிறது. அலை சாய்வாக வந்தால் கரைப்பக்கத்து முனை முதலில் தளரும். ஆழத்தில் உள்ள முனை விரைந்து வரும். அலையே கரையை நோக்கித் திரும்பும். கண்ணாடிக்குள் நுழையும் ஒளி விலகுவதும் இவ்வாறுதானே! ஆனால் அலை முழுவதும் திரும்பி முடிவதற்குள் உடைந்துவிடுகிறது. அந்த மிச்சச் சாய்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம். உடைந்த அலை மணலைச் சாய்வாக மேலே ஏற்றுகிறது. வடியும் நீர் அதை நேராகக் கீழே இறக்குகிறது. கரையோரமாக ஒரு நீரோட்டமும் எழுந்து மணலைத் தூக்கிச் செல்கிறது. எட்டுப் பத்து வினாடிக்கு ஓர் அலை என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆயிரம் அலைகள். அலைக்கு ஒரு சாண் நகர்ந்தாலும் மணல் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வடதமிழகக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இப்பயணம் தெற்கிலிருந்து வடக்காக நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது மட்டும் திசை மாறுகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே செல்கிறது. நான் கேட்டதற்காக எங்கள் விரிவுரையாளர் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். அன்று மாலையே அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. எங்கள் ஊரில் வலையைத் தொட்ட பிள்ளைக்கும் இது தெரியும். "இதுக்கா பஸ் சார்ஜ் குடுத்துப் போயிட்டு வர்றே?" என்று கேட்டார் அப்பா.

மெரினாவில் சுண்டல் தின்னாதவர் நம்மில் யார்? அந்த அகன்ற மணல்வெளி ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியன்று. ஒரு காலத்தில் கடல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெகு அருகில் இருந்தது. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கற்கரங்களை நீட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில் இருந்த அந்த வேலையை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். புயலைச் சமாளித்துவிட்டார்கள்; மணலைச் சமாளிக்க முடியவில்லை. வடக்கே போகும் மணல் தெற்குக் கரத்தில் முட்டி ஆண்டுதோறும் குவிந்தது. கிழக்கு நோக்கிய வாயிலும் தூர்ந்துகொண்டே வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டு வடகிழக்கில் வேறு வாயில் திறக்க வேண்டியதாயிற்று. அதை முன்னின்று நடத்தியவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணிதத் துறை நண்பர்களுக்கு இப்பெயர் தெரிந்திருக்கும். 1912-இல் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவர் தலைமையில் இருந்த துறைமுக அலுவலகத்தில்தான். சென்னைக் கரையில் மணல் செல்லும் விதம் பற்றி ஸ்பிரிங் அக்காலத்திலேயே பொறியாளர்களுக்கு ஆய்வுரை எழுதியிருக்கிறார். ஆகவே நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த சங்கதி இது.

துறைமுகம் பிடித்து நிறுத்திய மணலால் மெரினா அகன்றது. அந்த மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. நூற்றுக்கணக்கான மீட்டர் நிலம் கடலுக்குப் போயிற்று. பிறகு அங்கே கற்சுவர் எழுப்பினார்கள். 2000-களில் வரிசையாகத் தூண்டில் வளைவுகளும் போட்டார்கள். மெரினாவைப் புகழ்ந்து கவிதை எழுதும் நண்பர்கள் (நம் மலரிலேயே ஆண்டுதோறும் ஒன்று வருகிறது) ஒரு முறை திருவொற்றியூர்ச் சாலையோரக் கற்களையும் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

கல் கொட்டினால் கரை நிற்காதா என்று கேட்கலாம். சில காலம் நிற்கும். ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரின் அடிமணலையே பறித்துக்கொண்டு போகிறது. சுவருக்கு முன்னால் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் பெரிய அலை வந்து சேர்கிறது. ஏனெனில் அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போதுதான் அது உடைகிறது. ஆழம் இரட்டித்தால் சுவரை அடையும் அலையும் இரட்டிக்கும். இங்கேதான் ஹட்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1950-களில் தந்த சூத்திரம் வருகிறது. அலையைத் தாங்கி நிற்க வேண்டிய கல்லின் எடை, அலை உயரத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. அலை இரட்டித்தால் கல் எட்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும்! போன ஆண்டு போட்ட கல் இந்த ஆண்டு புதைந்துபோவதைப் பார்த்து, "ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். அவர் உண்மையிலேயே ஏமாற்றியிருக்கவும் கூடும். ஆனால் யோக்கியமாகப் போட்ட கல்லும் ஒரு நாள் புதையத்தான் செய்யும்.

பின் என்னதான் வழி? துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புயல் நாளில் படகு ஒதுங்க இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் மணலின் பாதையை மறித்தவன் அந்த மணலைச் சுமந்துகொண்டு போய் அந்தப் பக்கம் விட வேண்டும் என்பது என் கட்சி. இது கற்பனை அன்று. ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் என்னும் இடத்தில் 1986 முதல் இதையே செய்கிறார்கள். அங்கும் மணல் நம் ஊரைப் போலவே வடக்கு நோக்கித்தான் போகிறது. முகத்துவாரத்தின் தெற்கே ஒரு மேடை கட்டி, மணலைப் பம்புகளால் உறிஞ்சி, நீரின் அடியில் குழாய் வழியே வடகரைக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். அவ்வளவு தூரம் போவானேன்? விசாகப்பட்டினத்தில் துறைமுகம் திறந்த 1933-ஆம் ஆண்டிலேயே இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து, அவற்றின் மறைவில் மணலைத் தேக்கி வாரும் ஏற்பாடு செய்தார்கள். பிற்காலத்தில் அப்படி வாரிய மணலை நகரத்துக் கடற்கரைக்கு இறைத்தும் வந்திருக்கிறார்கள்.

புதுச்சேரியின் கதை இரண்டு பக்கமும் பாடம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகக் கரங்கள் எழுந்தன. மணலை வடக்கே கடத்தும் பம்பும் அந்தத் திட்டத்தில் இருந்தது. கல் வேலை முழுமையாக நடந்தது. பம்பு வேலை ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை மறைந்து, ஊரே கற்குவியலின் மேல் நின்று கடலைப் பார்த்தது. 2018-இல் சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, ஆப்பு வடிவில் பெரியதோர் இரும்பு அமைப்பைக் கடலுக்குள் மூழ்கவைத்தார்கள். அது அலையின் வேகத்தைக் குறைத்தது. மணலும் கொண்டுவந்து கொட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடியும் மணற்கரை வந்தது. சிறு வயதில் அங்கே விளையாடியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்கள்.

இத்தகைய அமைப்புகளைக் கட்டுவதற்கு முன் தொட்டியில் மாதிரி செய்து பார்க்கிறார்கள். புனே அருகே 1916-இல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் துறைமுகங்களையே சிறிதாகக் கட்டி அலை எழுப்பிப் பார்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. துறைமுகத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். மணலைச் சுருக்க முடியாது. சுருக்கினால் அது களிமண்ணைப் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் நிலக்கரித் தூள் போன்ற எடை குறைந்த பொருள்களை மணலுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதுண்டு. அறிவியல் இவ்வளவு பாடுபட்டுக் கண்டறிந்ததை, கல் கேட்டு மனுப் போடும் எங்கள் நாட்டாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு சிறு நூல்கூட என் கைக்குக் கிட்டவில்லை. எங்கள் நூலகத்தில் தேடினேன், ஆங்கிலத்தில்தான் அகப்பட்டது. அதையும் அகராதியை வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

படித்ததை நாட்டாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கல்லுன்னா லாரி வரும், கண்ணுக்குத் தெரியும். மணலைக் கொண்டாந்து கொட்டி அடுத்த வருஷம் அது போயிடுச்சுன்னா யாரைப் போய்க் கேக்குறது?" என்றார். நியாயமான கேள்வி. மணல் போகத்தான் செய்யும்; போவதுதான் அதன் இயல்பு. ஆண்டுதோறும் கொட்ட வேண்டும், ஆண்டுதோறும் கேட்க வேண்டும். மின்சாரக் கட்டணம் போல அது நிரந்தரச் செலவு. ஒரு முறை கல் கொட்டிவிட்டுத் திறப்பு விழா நடத்துவதில் உள்ள சௌகரியம் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு இன்னும் இரண்டு வளைவு கேட்பது என் அக்காள் வீட்டைக் கேட்பதற்குச் சமம் என்றும் அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அப்பா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மனுவை எழுதி முடித்துவிட்டேன். தெற்கே உள்ள முகத்துவாரத்தில் ஆண்டுதோறும் தூர்வாரும் மணலை லாரியில் வேறெங்கோ ஏற்றிச் செல்லாமல் வடக்கே உள்ள குப்பங்களின் கரையில் கொட்ட வேண்டும், எங்கள் வளைவில் தேவைக்கு மேல் குவிந்திருப்பதையும் அப்படியே கடத்த வேண்டும், புதிய கல் போடுவதாக இருந்தால் எங்களோடு அடுத்த ஊரையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நாட்டார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அப்பா மறுநாள் காலை மனுவை வாங்கி, நான் படிக்கப் படிக்க முழுதும் கேட்டுவிட்டு, "அந்த ஊரு நாட்டாரு கையெழுத்துக்கும் இடம் வுட்டிருக்கியா?" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அக்காள் வீட்டுக்குப் போகிறோம்.