கதை கூடின பிள்ளை

சென்ற தவணையில் மூன்று தரம் பாடசாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மூன்றும் தரம் பத்தில் படிக்கும் என் மகளைப் பற்றிய ஒரே முறைப்பாடுதான்: கதை கூட. பாட நேரத்தில் பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கிறாள், சொன்னதற்கு மறுகேள்வி கேட்கிறாள், வகுப்புக்கு வெளியே நிற்க விட்டால் அங்கே நிற்கிற பிள்ளைகளோடும் கதைக்கிறாள். கடைசியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்பது அம்மம்மாவின் தீர்ப்பு.

சகோதரிகளே, எங்கள் வயதுத் தாய்மாருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாங்கள் வாயை மூடப் பழகி வளர்ந்தவர்கள். பங்கருக்குள் 'உஸ்' என்பார்கள். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த சனத்தில் நானும் ஒரு சிறுமி. அதற்குப் பிறகும், யார் எதை எங்கே போய்ச் சொல்வார்களோ என்ற பயத்திலேயே எங்கள் இளமை கழிந்தது. கதையாதிருந்தது எங்களைக் காப்பாற்றியது. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு இது விளங்காது. ஆனாலும் அவள் நாலு பேருக்கு முன்னால் எழும்பிக் கேள்வி கேட்டால் இன்றும் என் வயிறு பிசைகிறது. அது என் பயம். அவளுடைய பிழையோடு அதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பதில் நான் கவனமாக இருக்கிறேன்.

பிழை இல்லாமலும் இல்லை. ஒரு ஆசிரியைக்குப் பட்டம் வைத்து வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறாள். அதற்கு அவளே போய் மன்னிப்புக் கேட்டாள், நான் வாசலில் நின்றேன். மற்றதற்கு, "எந்தப் பாடத்தில் ரீச்சர் கூடக் கதைக்கிறாள்?" என்று கேட்டேன். அதுதான் வழியைக் காட்டியது. தமிழில் கொடுத்த வேலையை முதலில் முடித்துவிட்டுக் கதைக்கிறாள். கணிதத்தில் ஒன்றும் விளங்காமல் கதைக்கிறாள். இரண்டுக்கும் ஒரே மருந்து சரிவராது. கணித பாடத்துக்கு முன் வரிசையில் இருத்தினார்கள். கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாடம் முடியக் கேட்கச் சொன்னார்கள். தமிழ் ரீச்சர் அவளைத் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வைத்தார். நாற்பது பிள்ளைகளை வைத்து மேய்க்கிற ரீச்சரின் பாட்டையும் நாங்கள் யோசிக்க வேண்டும்.

"கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ ரீச்சர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. 2016இலும் ஒரு சுற்றறிக்கை வந்தது. 2017இல் தெற்கில் ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் 15 வயது மாணவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. அந்த அடிப்படை உரிமை மனுவில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, நட்டஈடு வழங்கவும் கட்டளையிட்டது. ஆகவே அடிக்கச் சொல்லி அனுமதி கொடுக்க எங்களுக்கும் உரித்தில்லை.

வீட்டில் பின்னேரம் நான் தேங்காய் துருவுவேன், அவள் கதைப்பாள். பாதி வம்புதான். ஆனால் "அம்மா, விளங்கேல்லை எண்டு கேட்டாலும் பிழையே?" என்ற கேள்வியும் அந்த வம்புக்குள்ளே இருந்துதான் வந்தது. தகப்பன் இல்லாத வீடுகளில் பிள்ளை தாயைக் கவலைப்படுத்தாமல் சிலதை மறைக்கப் பார்க்கும். அடுப்படிக் கதையில்தான் அது வெளியே வரும்.

நன்றாகக் கதைத்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப் போனால், நித்திரை குழம்பினால், பாடசாலைக்குப் போக மறுத்தால், தவணை முடியட்டும் என்று இருக்காதீர்கள். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரைக் கேட்டுப் போங்கள். யாராவது அடித்தோ வேறு விதமாகவோ துன்புறுத்துவதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழில் கதைக்கலாம், காசு இல்லை. பிள்ளையும் தானே அழைக்கலாம்.