விழா மேடை: பாடகர் குரல் எங்கே போயிற்று?

பொங்கல் விழாவும் ஆண்டு விழாவும் வரும்போதெல்லாம் நம் சங்கங்களில் எழும் குறை ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். இளைஞர்கள் டி.ஜே. கண்ட்ரோலரை ஆர்வத்தோடு கொண்டுவருகிறார்கள். வீட்டில் ஹெட்ஃபோனில் அது முழங்குகிறது. மண்டபத்து மிக்ஸரில் இணைத்தவுடனோ கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் பாடுவதுபோல் ஈனமாய் ஒலிக்கிறது. மூன்று மாதம் கும்மிக்கு ஒத்திகை பார்த்த சிறுமியர், தாளம் கேளாமல் ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிறார்கள். பழியெல்லாம் மைக்செட்காரர் தலையில் விழுகிறது. பல வேளைகளில் அவர் குற்றமற்றவர் என்பதே நம் கருத்து.

முதலில் ஐயுற வேண்டியது கேபிளை. ஹெட்ஃபோன் துளையிலிருந்தோ மடிக்கணினியிலிருந்தோ ஒரு ஸ்டீரியோ கேபிளை எடுத்து, மிக்ஸரின் ஒற்றைத் துளையில் செருகிவிடுகிறார்கள். அத்துளை பெரும்பாலும் ‘பாலன்ஸ்டு’ வகையைச் சேர்ந்தது. இரு கம்பிகளில் வரும் ஒலிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சுவதை மட்டுமே அது ஏற்கும். நீண்ட கம்பியில் வழியிலே புகும் இரைச்சல் இரண்டிலும் சமமாயிருக்குமாதலால், அது கழிபட்டுப் போகட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஸ்டீரியோ கேபிளிலோ ஒரு கம்பியில் இடப்பக்க ஒலியும் மற்றதில் வலப்பக்க ஒலியும் வருகின்றன. திரைப்பாடல்களில் பாடகர் குரலும் பெரிய முரசும் பேஸ் கிட்டாரும் பெரும்பாலும் இருபக்கமும் சமமாகவே பதிவாகின்றன. சமமானவற்றைக் கழித்தால் மிஞ்சுவது யாது? வயலின் கீற்றுகளும் எதிரொலியும்தாம். கெயினை எவ்வளவு திருகினாலும் போன குரல் திரும்பாது. குரல் மங்கி எதிரொலி மட்டும் கேட்குமாயின் நோய் இதுவே என்று கொள்ளலாம். ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்குகளும் உடைய கேபிளை வாங்கி, மிக்ஸரில் இரு சேனல்களில் செருகினால் தீர்ந்தது. மும்பை லாமிங்டன் சாலையிலும் தில்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலும் ‘ஒய் கேபிள்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

குரல் சரியாக இருந்து, ஒலி மட்டும் தணிந்திருந்தால் கதை வேறு. கண்ட்ரோலரின் ஆர்.சி.ஏ. துளைகள் பெரும்பாலும் வீட்டுக் கருவிகளின் அளவுக்கு அமைந்தவை. அவ்வளவு ஏறத்தாழ 0.32 வோல்ட். மேடைக் கருவிகளின் அளவோ 1.23 வோல்ட், ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே மாஸ்டர் எக்ஸ்.எல்.ஆர். துளைகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துக. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மிக்ஸரின் எக்ஸ்.எல்.ஆர். துளை பெரும்பாலும் சில மில்லிவோல்ட்டே தரும் மைக்குக்கு உரியது. ‘பேட்’ பொத்தானை அழுத்தாமல் அதில் செருகினால், தணிந்த பாட்டு கரகரத்த பாட்டாக மாறும்! எக்ஸ்.எல்.ஆரிலிருந்து பாலன்ஸ்டு ஜாக்குக்குச் செல்லும் கேபிளை லைன் துளையில் செருகுவதே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

இசைத்தட்டு சுழற்றும் அன்பர்களுக்கு ஒரு சொல். அதன் ஊசி தருவது 5 மில்லிவோல்ட் அளவே. 1954-இல் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி சுரங்களைச் சமன்செய்யவும் வேண்டும். அதை ஃபோனோ துளையில் அன்றி லைனில் செருகினால் கேட்பது கொசுவின் ரீங்காரமே.

இவை யாவும் சரியான பின்னரே கெயினைத் தொடுக. கண்ட்ரோலரின் மாஸ்டர் குமிழைப் பச்சை விளக்குகள் நிறைந்து மஞ்சள் எப்போதேனும் எட்டிப்பார்க்கும் அளவுக்கு வைத்து, உரத்த பாடலொன்றை ஓடவிடுக. மிக்ஸரில் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தி, மீட்டர் 0-வை ஒட்டி ஆடும்வரை கெயினை ஏற்றுக, சிவப்பு எரியலாகாது. பிறகு ஃபேடரை 0 குறிக்கு மெல்லக் கொணர்க. இதை விடுத்து, குறையை மூடிமறைக்க ஆம்ப்ளிஃபயரை முற்றும் திருகிவைப்பவர் உண்டு. இரைச்சல் பெருகுவதோடு போகாது. நிகழ்ச்சி நடுவே எவரேனும் கேபிளைச் சரிசெய்துவிட்டால் ஒலி திடீரென்று வெடித்தெழும், ட்வீட்டர் கருகும், முன்வரிசைக் குழந்தைகள் அலறுவார்கள். கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் மெயின் ஃபேடர் கீழேயே இருக்கட்டும்.

மண்டபத்தார் மிக்ஸரின் பின்புறத்தை ஒரு வாரம் முன்னரே நிழற்படம் எடுத்து இளைஞர்களுக்கு அனுப்பிவிடுமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மைக் ஊளையிடுவதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.