கட்டுப்போடுவதற்கும் கலாநிதிப் பட்டமா?

மூன்றாண்டுகளுக்கு முன்னர் நம் பழைய மாணவர் ஒன்றுகூடலிலே இளைஞர் ஒருவர் எழுந்து, தாம் தாதியியலிற் கலாநிதிப் பட்டம் பெறும்பொருட்டு அவுஸ்திரேலியா செல்லவிருப்பதாக அறிவித்தார். அவர் நம் கல்லூரியிற் பயின்றவர். பின்னர் கண்டியிலே தாதியர் பயிற்சி பெற்று, வைத்தியசாலைப் பணியிலிருந்துகொண்டே பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். பின்வரிசையிலிருந்து, “கட்டுப்போடுவதற்கும் கலாநிதிப் பட்டமா?” என்றொரு குரல் எழுந்தது. மண்டபம் சிரித்தது. உண்மையைச் சொல்வதானால் நாமும் சிரித்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுக்கு மேல் ஒரு படியும் ஏறாத நாம் எவ்வுரிமை பற்றிச் சிரித்தோம் என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

தமிழ் கற்பிக்கும் நாம் அன்று மறந்தது ஒன்றுண்டு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, மருத்துவத்தின் உறுப்புகள் நான்கெனக் கூறி முடிகின்றது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவனே அந்நான்காமவன். அவனுக்கு வேண்டும் இயல்புகளைக் கூறவந்த பரிமேலழகர், அன்பையும் தூய்மையையும் சொன்னவற்றைச் செய்யும் வன்மையையும் கூறியதோடு அமையாது, அறிவுடைமையையும் சேர்த்துரைத்தார். அன்பு போதும் என்று நிறுத்தியவர்கள் நாமேயன்றி நம் முன்னோர் அல்லர்.

உலகமும் இதனைத் தாமதித்தே உணர்ந்தது. கிரிமியப் போரில் மாண்ட வீரருட் பெரும்பாலோர் காயத்தாலன்றி நோயாலேயே மாண்டனர் என்பதை எண்களால் நிறுவிய நைற்றிங்கேல் அம்மையாரை, விளக்கேந்திய சீமாட்டியாக மட்டுமே பாடநூல்கள் காட்டிவந்தன. 1907இல் அடிலெய்ட் நட்டிங் அம்மையார் உலகின் முதலாவது தாதியியற் பேராசிரியரானார். அவர் அப்பதவி பெற்ற இடம் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரி. ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு சிறு பெருமை. தாதியர்க்கான கலாநிதிப் படிப்பும் 1920களில் அங்கேயே தொடங்கியது. இந்தியாவில் டில்லியிலும் வேலூரிலும் 1946இல் தாதியியற் பட்டப்படிப்புத் தோன்றிற்று. நம் நாட்டில் 1994இலேதான் திறந்த பல்கலைக்கழகம் அதனை ஆரம்பித்தது. பேராதனையும் யாழ்ப்பாணமும் பின்னர் வந்தன. பட்டதாரிகளைப் பயிற்றக் கலாநிதிகள் வேண்டும். அக்கலாநிதிகளை ஆக்குதற்கோ நாம் இன்னமும் பெரும்பாலும் கடல்கடக்க வேண்டியிருக்கின்றது.

ஆயினும் நம் சிரிப்பை முற்றாக அடக்கியது இவ்வரலாறன்று. சென்ற ஆண்டு அவ்விளைஞர் விடுமுறையில் வந்தபோது, மடவளையிலுள்ள எம் இல்லத்துக்கு ஒரு வினாக்கொத்தோடு வந்தார். நீரிழிவுற்றோர் தம் பாதங்களை எவ்வாறு பேணுகின்றனர் என்பதே அவருடைய ஆய்வு. அந்நோய் நாட்பட்டால் நரம்புகள் கெட்டுக் காலில் உணர்ச்சி குறையும். முள் தைத்தாலும் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகிக் காலையே இழக்க நேரும். ஆங்கில வினாக்களை ஒருவர் தமிழாக்க, மூலத்தைக் காணாத வேறொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் ஆய்வு மரபாம். தமிழாக்கும் பணி எம்மிடம் வந்தது.

பெருமிதத்தோடு செய்தோம். காலில் ‘உணர்விழப்பு’ ஏற்படுவதுண்டா என்று எழுதினோம். திரும்பி வந்த ஆங்கிலத்திலே அது நினைவிழப்பாக மாறியிருந்தது! மொழிபெயர்த்தவரை நொந்துகொண்டோம். பின்னர் வத்தேகமவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றுக்கு அவருடன் சென்று ஒரு மூதாட்டியிடம் அவ்வினாவைப் படித்துக் காட்டினோம். “மயக்கம் போடுறதா ஐயா? அதெல்லாம் இல்லீங்க. காலுதான் மரத்துப் போவுது,” என்றார். நாம் தேடிய சொல் அவர் வாயிலே இருந்தது. மடவளைக் கடைவீதியிலோ நீரிழிவு என்றால் ஒரு கணம் விழிப்பவர்கள், சீனி வருத்தம் என்றதும் தம் கதை முழுவதையும் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்த செருக்கு அவ்விரு நாள்களிலே பெரிதும் கரைந்தது.

சொல்லினும் பெரிய இடர் ஒன்றும் இருந்தது. கடந்த ஏழு நாள்களில் எத்தனை நாள் சப்பாத்தின் உட்புறத்தைச் சோதித்தீர் என்பது மூலத்திலிருந்த ஒரு வினா. அம்மூதாட்டிக்குச் சப்பாத்தே இல்லை. தேய்ந்த செருப்போடும், மழைக்காலத்தில் வெறுங்காலோடும் மலையேறிக் கொழுந்து பறித்தவர் அவர். அவ்வினாவுக்கு அவர் விடை பூச்சியம். பூச்சியம் பெற்றவர் தம் காலைப் பேணாத அசட்டையாளர் என்றே கணக்கிற் பதியப்படுவார். அத்தகைய கணக்கை நம்பி, மலையகப் பெண்களுக்கு அக்கறை இல்லையென்று எவரேனும் முடிவுசெய்வராயின், அது எத்துணைக் கொடுமை! காலைப் பார்க்கிறீர்களா என்று நேரே கேட்டபோது, தினமும் மாலையிலே பேத்தி அடிப்பாதத்தைப் பார்த்துச் சொல்வதாக அவர் கூறினார். அதனைக் கேட்பதற்கு வினாக்கொத்தில் இடமே இல்லை.

இக்குறையைக் கண்டு, ஏன் என்று வினவி, கருவியை ஆக்கியோரின் அனுமதி பெற்று அதனைத் திருத்தி, திருத்தியது சரியோவென மீண்டும் சோதிப்பதற்கே அவ்விளைஞருக்கு ஆண்டுகள் செல்கின்றன. கட்டுப்போடுபவருக்குக் கலாநிதிப் பட்டம் எதற்கென்று கேட்ட அன்பருக்கு இதுவே எம் விடை. அம்மூதாட்டியின் காலிற் கட்டுப்போட நேராதிருப்பதற்கு.

சென்றவர்கள் திரும்புவதில்லையே என்பார் சிலர். உண்மைதான், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தாதியரும் ஆசிரியரும் பலர் வெளியேறினர். அவர்களை வைய எமக்கு மனமில்லை. திரும்பி வருபவருக்கு நாம் என்ன மதிப்பளித்தோம்? உயர்தரத்தில் உயிரியல் பயின்று மருத்துவ பீடம் கிட்டாத மாணவனிடம், “சரி, தாதியியலாவது படி,” என்று சொல்லும் அந்த ‘ஆவது’ ஆசிரியர் அறையிலேயே பிறக்கின்றது. அதனை நாமும் சொல்லியிருக்கின்றோம்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிறநாட்டார் ஒருவருக்குத் தோன்றிய அவ்வெண்ணம் நமக்குத் தோன்றலாகாதா? வெளிநாடுகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவற்றின் சாரத்தைத் தமிழில் எழுதுவித்து நம் கல்லூரி நூலகத்தில் வைப்பதைச் சங்கம் ஏற்கவேண்டும். மொழிநடை பார்த்துக் கொடுக்க நாம் ஆயத்தம். ஆனால் அச்சேறுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் தோட்டத்திலும் கடைவீதியிலும் படித்துக் காட்டவேண்டும் என்பது எம் நிபந்தனை.

திருத்திய வினாக்கொத்துச் சென்ற மாதம் தபாலில் வந்து சேர்ந்தது. உணர்விழப்பு போய் மரத்துப்போதல் வந்திருக்கின்றது. சப்பாத்து வினாவுக்கு அருகே, “உங்கள் பாதத்தின் அடியை வீட்டில் யார் பார்த்துச் சொல்கிறார்?” என்றொரு புதிய வினா நிற்கின்றது.