வாலில் அமரும் விமானமும் 'கவனக்குறைவு' என்னும் தீர்ப்பும்

மூக்கு வானை நோக்கி நிமிர, வால் தரையில் ஊன்றியபடி நிற்கும் சரக்கு விமானத்தின் படம் அவ்வப்போது வலம் வருகிறது. உடனே நகையாடல்கள் குவிகின்றன. ஏற்றியவர்களுக்கு அறிவில்லை என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. சாமானியர் அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நெம்புகோல் தத்துவத்தைத் தேர்வில் எழுதித் தேறியவர்களும் அதையே சொல்வதைப் பொறுப்பது கடினம்.

நிற்கும் விமானத்தின் எடையை இறக்கையை ஒட்டிய முதன்மைச் சக்கரங்களே பெரும்பாலும் சுமக்கின்றன. மூக்குச் சக்கரத்தின் மேல் விழுவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இது பிழையன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட வடிவமைப்பு. ஓடுபாதையில் மூக்கை உயர்த்தி எழ வேண்டுமானால் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்குச் சற்றே முன்னால் இருக்க வேண்டும். வெகுவாக முன்னால் இருத்தல் ஆகாது. பறப்பதற்கு வசதியான அந்தக் குறுகிய இடைவெளிதான் தரையில் ஆபத்தாகிறது. சுமை ஏறும்போது ஈர்ப்பு மையம் சக்கரங்களைக் கடந்து பின்னால் போய்விட்டால் விமானம் வாலில் அமர்ந்துவிடும்.

பயணிகள் விமானமாகப் பறந்து, பின்னர் சரக்குக்கு மாற்றப்பட்ட போயிங் 747-400ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆலையிலேயே சரக்கு விமானமாகக் கட்டப்பட்டதற்கு மூக்கே கதவாகத் திறக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. மேல்தளத்துக்கான பெரிய கதவு இறக்கைக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாலட்டும் முதலில் விமானத்தின் பின்பகுதியில் நுழைந்து, பிறகே உருளிகளின் மேல் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ஒரு பாலட்டின் எடை 6.8 டன் வரை இருக்கலாம். முன்பகுதியை முதலில் நிரப்பு, இறக்கும்போது பின்பகுதியை முதலில் காலி செய் என்ற விதி இதனால்தான் பிறந்தது.

விதி எளியது. ஆனால் முன்பகுதிக்குரிய பாலட் கிடங்கிலிருந்து இன்னும் வரவில்லை, சுங்கத்தில் நிற்கிறது, புறப்படும் நேரமோ நெருங்குகிறது என்றால்? இருப்பதை ஏற்று என்ற ஆணை மேலிருந்து வருகிறது. அந்த ஆணை எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை. லோட் ஷீட் காட்டுவது ஏற்றி முடித்த நிலையை மட்டுமே. முதல் பாலட்டுக்கும் கடைசிப் பாலட்டுக்கும் இடையில் விமானம் கடக்கும் நிலைகள் ஒவ்வொன்றும் நிலைத்து நின்றாக வேண்டும். தொழிலாளர் வேலை செய்வது அந்த இடைநிலைகளுக்குள்தான். சுமைப் பங்கீட்டை உகந்ததாக்கும் ஆய்வுகள் பலவும் இதே குருட்டுத்தன்மை கொண்டவை. எந்தப் பாலட்டை எங்கே வைப்பது என்பதற்கு நேர்த்தியான சமன்பாடு இருக்கும். எந்த வரிசையில் வைப்பது என்பது 'நடைமுறை விவரம்' என ஒதுக்கப்பட்டிருக்கும்.

1963இல் முதன்முதலாகப் பறந்த சோவியத்தின் இல்யூஷின்-62 விமானத்துக்கு நான்கு எஞ்சின்களும் வாலருகே இருந்தன. காலியாக நின்றால் பின்னால் சாயும் என்பதை அறிந்த வடிவமைப்பாளர்கள், வாலின் அடியில் மடங்கி விரியும் சிறு சக்கரத் தாங்கியை விமானத்திலேயே பொருத்தினர். ஏற்றுபவர் கவனமாக இருக்கட்டும் என்று விட்டுவிடவில்லை. இந்தியாவின் சிறு நிலையங்களில் ஏடிஆர் விமானத்தின் வாலுக்கடியில் ஊன்றப்படும் தண்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. சாய்வு இயந்திரத்தின் இயல்பு. அதற்கு ஊன்றுகோல் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

தொழிலாளர் தவறே செய்வதில்லையா? செய்கிறார்கள். அந்தத் தவறு தரையிலேயே வெளிப்பட்டுவிட்டால் அது நற்பேறு. எடைப் பங்கீடு பிழைத்த விமானம் சாயாமல் நின்று, ஓடுபாதைக்கும் போய்விடுவதுதான் கொடியது. 1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம் அப்படித்தான் எழுந்தது. கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்பட்டிருந்தது. டெனிம் துணிச் சுமை, குறித்த முறைப்படி ஏற்றப்படவில்லை. ஈர்ப்பு மையம் விமானிகள் எண்ணியதைவிடப் பின்னால் இருந்தது. எழுந்த கணத்தில் மூக்கு அளவுமீறி உயர, விமானம் வேகமிழந்து விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் தரையில் ஒருவரும் மாண்டனர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 'ஏற்றியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடவில்லை. ஏற்றும் பணியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திராத ஃபைன் ஏரையும், குறித்தபடி ஏற்றாத ஒப்பந்த நிறுவனத்தையும் காரணமாகச் சுட்டியது. ஃபைன் ஏரின் ஏற்றும் பணிப் பொறுப்பைச் சரிவரக் கண்காணிக்காத கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்தையும் அது விடவில்லை.