எண்ணுக்கு அகப்படாத மதிப்பு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் பருவந்தோறும் ஒருவருக்கு ‘மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்’ என்னும் விருது வழங்கப்படுகிறது. அது யாருக்குப் போனாலும் வழக்கு ஓய்வதில்லை. வழக்காடுவோரில் ஒரு சாராரின் வாதம் மிக எளியது: எவர் பெயருக்கு எதிரே பெரிய எண் நிற்கிறதோ அவரிடம் விருதைக் கொடுத்துவிடுங்கள். இந்த எளிமையை நாம் மறுக்கிறோம்.

அநீதிக்குச் சான்றாக அவர்கள் காட்டும் பருவம் 1961-62. பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100. சின்சினாட்டி ராயல்ஸின் ஆஸ்கார் ராபர்ட்சனோ புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்துக்கு மேற்பட்ட சராசரி கண்டார். விருது மட்டும் பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரசலுக்குப் போயிற்று. அவருடைய சராசரி 18.9 புள்ளிகள். ஐம்பது எங்கே, பத்தொன்பது எங்கே என்று கேட்கிறார்கள்.

தீர்ப்பளித்தவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். அந்நாளில் இவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. ஊடகத்தாரிடம் அவ்வுரிமை சென்றது 1980-81 பருவத்தில்தான். அதே 1962இல் பருவத்தின் தலைசிறந்த ஐவரைத் தெரிவு செய்த பத்திரிகையாளர்கள், சென்டர் இடத்தைச் சேம்பர்லினுக்குத் தந்து ரசலை இரண்டாம் அணியில் வைத்தார்கள். வெளியே அமர்ந்து எண்ணியவர்களுக்கு ஒருவர் பெரியவராகத் தெரிந்தார். களத்தில் எதிர்நின்று மோதியவர்களுக்கு மற்றவர்.

காரணம் இருக்கிறது. ரசலின் கலை தடுப்பாட்டம். எதிரணியினர் எறியும் பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து கைதட்டல் வாங்குவதில் அவருக்கு நாட்டமில்லை. களத்துக்குள்ளேயே தட்டித் தன் அணியினர் கைக்குச் சேர்ப்பார். எதிர்த்தாக்குதல் அங்கிருந்தே தொடங்கும். அதில் விளையும் புள்ளி வேறொருவர் கணக்கில் ஏறும். அவர் நிற்பதைக் கண்டு எறியாமலே பின்வாங்கியவனின் தயக்கம் எந்தக் கணக்கிலும் ஏறாது. தடுக்கப்பட்ட எறிதல்களை என்.பி.ஏ. முறையாக எண்ணத் தொடங்கியதே 1973-74இல். ரசல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். எண்ணப்படாதது இல்லாததே என்று கொள்வது எவ்வகை நியாயம்?

அவருடைய கடைசிப் பருவத்தில் செல்டிக்ஸ் 48 வெற்றி, 34 தோல்வியுடன் பட்டமும் வென்றது. அடுத்த பருவத்தில் அவ்வெண்கள் அப்படியே தலைகீழாயின: 34 வெற்றி, 48 தோல்வி. சாம் ஜோன்ஸும் அவ்வாண்டே ஓய்வு பெற்றார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்த வெற்றிடத்தின் பெரும்பங்கு யாருடையது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் முதலிடம் பெற்ற அணியின் நாயகனுக்கே விருதா? அதுவுமன்று. 1975-76இல் லேக்கர்ஸ் 40 ஆட்டங்களை மட்டுமே வென்று பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. ஆயினும் கரீம் அப்துல்-ஜப்பாரே விருது பெற்றார். வெற்றிகளை மட்டும் எண்ணுவதும் எண்வழிபாட்டின் மற்றொரு வடிவமே.

2016-17இல் ரசல் வெஸ்ட்புரூக் 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் என்ற சராசரியுடன் விருது பெற்றார். அவர் தகுதியற்றவர் என்பதன்று நம் வாதம். கெவின் டுராண்ட் விலகிச் சென்ற ஓக்லஹோமா சிட்டி அணியை 47 வெற்றிகளுக்குச் சுமந்தாரே, அது தகுதி. மூன்று சராசரிகளும் பத்தைத் தாண்டின என்பது தகுதியன்று, வியப்பு. அந்த 10.4, 9.9 ஆகியிருந்தால் ஆட்டத்தில் எது குறைந்திருக்கும்? ஓர் அடைமொழி குறைந்திருக்கும், அவ்வளவே.

விருதின் பெயரிலேயே விடை உண்டு. அது ‘மிகத் திறமையானவர்’ என்று சொல்லவில்லை. ‘மிக மதிப்புமிக்கவர்’ என்கிறது. திறமை ஒருவனிடம் இருப்பது. மதிப்பு அவன் பிறருக்கு ஆகும் விதத்தில் இருப்பது. இவனை எடுத்துவிட்டால் எஞ்சிய நால்வரின் ஆட்டம் என்னவாகும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதற்கு எண்கள் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு எழுதலாகாது. ஒரு காப்பியத்தில் யார் அதிகம் பேசுகிறார் என்று அடிகளை எண்ணிப் பாத்திரத்தின் பெருமையை அளப்பவரை வாசகர்களாகிய நாம் ஏற்போமா? மறுப்போர் மறுக்கட்டும், கூட்டல் கணக்கோடு மட்டும் வரவேண்டாம்.