மதிலும் மனையும்

பழைய ஊரொன்றைக் காப்பது எது? அதனைச் சூழ்ந்த மதிலா, அரசாங்கத்தின் சட்டமா, அன்றி அங்கே அடுப்பெரிக்கும் குடும்பங்களா? நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்களுடன் சென்ற ஆண்டு காலிக்கோட்டைக்குச் சென்று மீண்ட நாள்முதல் இவ்வினா என்னை விட்டகலவில்லை. இம்மலரின் வாயிலாக அதனைப் பழைய மாணவர் முன்னும், இந்நாள் மாணவர் முன்னும், உடனாசிரியர் முன்னும் வைக்க விழைகின்றேன்.

கல்முனைக் கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு மதில் சூழ்ந்த ஊர் என்பது ஏட்டுச் செய்தியே. மட்டக்களப்புக் கோட்டையை நாம் அறிவோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அது நெடுங்காலம் அரசாங்க அலுவலகங்களுக்கு இடமாயிருந்தது. ஆயினும் அதனுள்ளே ஊர் இல்லை. அகழி என்றும் எயில் என்றும் வகுப்பிலே சொற்பொருள் கூறிவந்த நானே, மக்கள் குடியிருக்கும் மதிலூர் ஒன்றினுள் அன்றுதான் முதன்முதலாக அடிவைத்தேன்.

காலியின் மதில் எழுவதற்கு முன்பே காலித்துறை புகழ்பெற்றிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா அவ்வூரைக் குறிப்பிட்டுள்ளார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கேயர் அங்கே அரண் அமைத்தனர். 1640இல் அதனை வென்ற ஒல்லாந்தர், இன்று நாம் காணும் பெருமதிலையும் கொத்தளங்களையும் எழுப்பினர். பழைய வாயிலின் உட்புறத்தே 1669 என்ற ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் இன்றும் உளது. கடல்நீரால் கழுவப்படும் நிலக்கீழ் வடிகால்களையும் அவர்கள் அமைத்தனர். 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயமும், மீரான் பள்ளிவாசலும், பௌத்த விகாரையும் ஒரே மதிலுக்குள் அமைந்துள்ளன.

இத்துணையும் அழியாது நின்றதற்குக் காரணம் யாது? எவரும் திட்டமிட்டுக் காத்தமையன்று. கொழும்புக் கோட்டையின் மதில்கள் 1870ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டன. 1875இல் அங்கே அலைதடுப்பு வேலை தொடங்கிற்று. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்குச் சென்றன. வாணிபம் போனபின் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் பணமும் போயிற்று. ஆயினும் குடும்பங்கள் போகவில்லை. மழைக்கு முன் ஓடு மாற்றினர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். பிள்ளைகளை அங்கேயே வளர்த்தனர். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த காலிக்கோட்டை, இப்படி வாழ்ந்தவர்களால் காக்கப்பட்ட ஊரே.

மதிலின்மேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், “ஐயா, எங்கட ஊருக்கும் இப்படி ஒரு மதில் இருந்திருந்தால்?” என்றான். 2004 திசெம்பர் 26ஆம் நாளின் பின் பிறந்தவன் அவன். அன்று காலி நகரின் பேருந்து நிலையத்தையும் விளையாட்டரங்கையும் மூழ்கடித்த கடல், கோட்டைக்குள் பெருஞ்சேதம் விளைவிக்கவில்லை. நம் அம்பாறை மாவட்டமோ 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியாக இழந்தது அதுவே. அவனுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

இப்போது கூறுவேன். தம்பி, முனையொன்றைச் சுற்றி மதில் எழுப்பலாம். தோணி இழுத்தேற்றும் நெடுமணற்கரை முழுவதும் எழுப்புதல் இயலாது. ஆனால் நாம் இழந்தவற்றுள் மதிலால் காக்கக்கூடியது மட்டுமன்றி, மதிலால் காக்க முடியாததும் ஒன்று உண்டு. அதனைக் காலியும் இன்று இழந்துவருகின்றது.

கோட்டைத் தெருவொன்றில் திண்ணையில் இருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், எம் தமிழ் கேட்டு அழைத்துத் தண்ணீர் தந்தார். “முந்தி பெருநாள் என்றால் இந்தத் தெருவிலே வீட்டுக்கு வீடு சாப்பாடு போகும், மாஸ்டர். இப்ப கொடுத்தனுப்ப வீடு இல்லை” என்றார். அவர் இருமருங்கும் காட்டிய வீடுகள் தங்குவிடுதிகளாயும், உணவகங்களாயும், நகைக்கடைகளாயும் இருந்தன. 2000ஆம் ஆண்டின் பின் பல வீடுகள் வெளிநாட்டவர் கைக்கும் செல்வர் கைக்கும் மாறின. சுவர் முன்னிலும் அழகாயிருக்கின்றது, தூண் மெருகேறியிருக்கின்றது, அடுப்பு மட்டும் அணைந்துவிட்டது.

விற்றவரைக் குறை கூறுதல் தகாது. ஒழுகும் கூரையை மாற்றவும் அனுமதி வேண்டும். மாற்றுதற்குப் பணமும் வேண்டும். ஒருபுறம் மகளின் திருமணம், மறுபுறம் கனவிலும் காணாத விலை. அந்நிலையில் நானும் விற்றிருப்பேன். சுற்றுலா வருமானம் வேண்டாம் என்றும் கூறேன்; அதனாற்றான் இடியவிருந்த பல சுவர்கள் நிமிர்ந்தன. எனினும், கல்லைக் காக்கச் சட்டம் இயற்றியோர் குடியைக் காக்க அதற்கீடான முயற்சி செய்தல் வேண்டும் என்பதே என் கருத்து. அங்கே வாழும் குடும்பத்துக்குத் திருத்தச் செலவில் ஒரு பங்கினை ஈவது, விடுதிகளின் தொகைக்கு ஓர் எல்லை வகுப்பது ஆகியன அரிய செயல்களல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். 2005இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதெனப் பணித்தனர். பின்னர் அது தளர்ந்தது. அதற்கிடையே கடலோரத் தெருக்கள் பலவற்றின் மக்கள் வெவ்வேறு திக்கிற் குடியேறினர். அயலவர் அயலவராய் இல்லை. இக்கரையில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான மரபொன்று உண்டு. குடி தாய்வழி வருவது; வீடு மகளுக்குச் செல்வது. அம்மரபு சீதனச் சுமையாகிப் பெற்றோரை வருத்தியதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வளவில் தாயும் மகளும் பேர்த்தியும் அடுத்தடுத்து வாழ்ந்து, தெருவின் நினைவைக் கைமாற்றியதும் அம்மரபாலேயே. அந்நினைவு இன்று சில முதியோரிடம் மட்டுமே எஞ்சியுள்ளது.

காலியில் 1911இல் ஒரு மதகின் அருகே கண்டெடுக்கப்பட்ட கல்லொன்று இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. 1409ஆம் ஆண்டினைக் குறிக்கும் அக்கல்வெட்டு, சீனக் கடற்றலைவர் செங் ஹ கொண்டுவந்தது. அதிற் சீனமொழி புத்தரையும், பாரசீகம் அல்லாஹ்வையும், தமிழ் தெனாவரை நாயனாரையும் போற்றிக் காணிக்கைகளைக் கூறுகின்றன. மூன்று சமயத்தார்க்கும் இடம்கொடுத்த அக்கல், தன்னைப் படிப்பார் இன்றிப் பல காலம் கிடந்தது. நம் வீடுகளின் பழைய உறுதிகளும் ஏடுகளும் அவ்வாறு கிடத்தல் ஆகாது.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்புவீர்கள்; எழுப்புக. அதனுடன் ஒரு பதிவேட்டுக்கும் பொருள் உதவுக. பாண்டிருப்பு முதல் காரைதீவு வரை, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை, கடல்கொண்ட தெருக்களில் எவ்வீட்டின் அயலில் எவ்வீடு இருந்தது, கிணறு எங்கிருந்தது, தறி எங்கே ஒலித்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டு நம் மாணவர் எழுதட்டும். தமிழ்ப்பிள்ளை முஸ்லிம் வீட்டிலும், முஸ்லிம் பிள்ளை தமிழ் வீட்டிலும் இருந்து எழுதுமாயின் அதுவே சிறந்த கல்வி. முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர்; ஆகவே அடுத்த தவணையிலேயே தொடங்குதல் நன்று. என் வகுப்பு ஆயத்தமாய் உள்ளது.